பாட்டிலுக்குள் போனதும் தண்ணீர் மாறிவிடும்: நீர் மாதிரி எடுப்பதில் களம் கற்றுத்தரும் பாடங்கள்

ஆழ்துளைக் கிணற்றிலிருந்து கண்ணாடி மாதிரி தெளிவாக வரும் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து மூடி வையுங்கள். நிலத்தடியில் இரும்பு இருந்தால் மதியத்துக்குள் மஞ்சள் தட்டும், மாலையில் அடியில் செங்கல் நிற வண்டல் படிந்திருக்கும். அந்தப் பாட்டில் மறுநாள் ஆய்வகத்துக்குப் போகிறது. அங்கே மேலே தெளிந்து நிற்கும் நீரை எடுத்து அளந்தால் இரும்பு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்று வரலாம். நன்றாகக் குலுக்கி, அமிலம் விட்டுக் கரைத்து அளந்தால் அதே பாட்டில் 4 என்று காட்டலாம். கருவி இரண்டு முறையும் சரியாகத்தான் வேலை செய்தது. கெட்டது அதற்கு முன்பே.

நீர் ஆய்வில் வரும் பிழைகளில் பெரும்பகுதி கிணற்றடியிலும் கரையிலும் நடக்கிறது. ஆய்வகத்தைக் குறை சொல்வது எளிது, ஆனால் தனக்கு வந்த பாட்டிலைத்தான் அது அளக்க முடியும்.

இரும்பும் ஆர்சனிக்கும் சேர்ந்து காணாமல் போவது

காற்றுப் படாத ஆழத்தில் இரும்பு ஃபெரஸ் வடிவில் கரைந்திருக்கும், நிறமே தெரியாது. மேலே வந்து ஆக்சிஜன் பட்டதும் ஃபெரிக் ஹைட்ராக்சைடாக மாறி வீழ்படிகிறது. நடுநிலை நீரில் பிஎச் ஒரு அலகு ஏறினால் இந்த வேகம் ஏறத்தாழ நூறு மடங்கு கூடும். அதனால்தான் ஒரு கிணற்று நீர் அரை மணியில் சிவக்கிறது, சற்றே அமிலத்தன்மை உள்ள இன்னொன்று நாள் கணக்கில் தெளிவாகவே நிற்கிறது.

இரும்பு மட்டும் போனால் பெரிய நஷ்டம் இல்லை. அந்தச் செந்நிறத் துகள் ஆர்சனிக்கையும் பாஸ்பேட்டையும் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். பாட்டிலை ஆய்வகத்தில் வடிகட்டினால் ஆர்சனிக் வடிதாளில் தங்கிவிடும், அறிக்கையில் எண் குறைவாக வரும். குடிநீரில் ஆர்சனிக்குக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான். வங்கதேசத்தில் 50 மைக்ரோகிராமைத் தாண்டிய குழாய்க் கிணறுகளுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். இப்படி ஒரு எண்ணை வைத்துக் கிணற்றுக்கு நிறம் பூசும்போது, பாட்டிலின் அடியில் தங்கிய வண்டல் ஒரு குடும்பம் எதைக் குடிக்கிறது என்பதையே மாற்றிவிடும்.

தீர்வு, கிணற்றடியிலேயே வடிகட்டுவது. 0.45 மைக்ரான் வடிகட்டியைக் குழாயோடு நேராகவோ சிரிஞ்சிலோ மாட்டுங்கள். முதலில் வரும் 50 மில்லியைக் கொட்டிவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள். உடனே உயர்தூய்மை நைட்ரிக் அமிலம் சேருங்கள், பிஎச் 2-க்குக் கீழே வர வேண்டும். அடர் அமிலம் லிட்டருக்கு சுமார் 1.5 மில்லி பொதுவாகப் போதும். காரத்தன்மை அதிகமான நீருக்கு இன்னும் கொஞ்சம் கேட்கும். பிஎச் தாளைப் பாட்டிலுக்குள் நனைக்க வேண்டாம். மூடியில் ஒரு சொட்டு எடுத்துத் தாளில் விட்டுப் பாருங்கள்.

வரிசை முக்கியம்: முதலில் வடிகட்டல், பிறகு அமிலம். கலங்கிய நீரில் முதலில் அமிலத்தை விட்டால் களிமண் துகளில் இருந்த அலுமினியமும் இரும்பும் கரைந்து வெளியே வரும். இந்தத் தவறை அறிக்கையிலேயே பிடித்துவிடலாம். பிஎச் 7 சுமார் உள்ள நீரில் கரைந்த அலுமினியம் மிகமிகக் குறைவாகத்தான் இருக்க முடியும். அங்கே லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டி வந்தால் நீங்கள் அளந்தது தண்ணீரை இல்லை, சேற்றை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மக்கள் வடிகட்டாமல் குடிக்கும் நீர் என்றால், அவர்கள் உடலுக்குள் போவதை அறிய வடிகட்டாத மாதிரியும் ஒன்று தேவை. நிலத்தடியில் என்ன நடக்கிறது என்று அறிய வடிகட்டிய மாதிரி. கேள்வி எது என்று முடிவு செய்யாமல் பாட்டிலைத் திறக்கவே கூடாது.

எவ்வளவு நேரம் ஓடவிடுவது

கேசிங் குழாய்க்குள், அதாவது கிணற்றுத் துளையின் உறைக் குழாய்க்குள், நிற்கும் தண்ணீர் பழையது. காற்றோடும் இரும்புக் குழாயோடும் நாள் கணக்கில் பழகியது. அதை வெளியேற்றிய பிறகு வருவதுதான் நீர்த்தாங்கியின் நீர். பழைய விதி, கிணற்றுக் கொள்ளளவில் மூன்று மடங்கை இறைப்பது.

கணக்கு இப்படி. 150 மில்லிமீட்டர் விட்டக் குழாயில் ஒரு மீட்டருக்கு 17.7 லிட்டர் நிற்கும், 100 மில்லிமீட்டரில் 7.85 லிட்டர். ஆழம் 60 மீட்டர், நீர்மட்டம் தரையிலிருந்து 18 மீட்டர் என்றால் நீர்த்தூண் 42 மீட்டர். 150 மில்லிமீட்டர் குழாயில் அது 743 லிட்டர், மூன்று மடங்கு சுமார் 2,230 லிட்டர். நிமிடத்துக்கு 60 லிட்டர் தரும் மோட்டார் என்றால் 37 நிமிடம். ‘ரெண்டு நிமிஷம் ஓடவிட்டுப் பிடிச்சோம்’ என்ற வழக்கமான பதிலுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

கணக்கை விட மீட்டர் நம்பகமானது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிஎச், மின்கடத்துதிறன், கரைந்த ஆக்சிஜன், ஆக்சிஜனேற்ற-ஒடுக்க மின்னழுத்தம் ஆகியவற்றைக் குறியுங்கள். அடுத்தடுத்து மூன்று அளவீடுகளில் பிஎச் 0.1-க்குள், கடத்துதிறன் 3 சதவீதத்துக்குள், ஆக்சிஜன் 10 சதவீதத்துக்குள், மின்னழுத்தம் 10 மில்லிவோல்ட்டுக்குள் நின்றால் பிடிக்கலாம். தினமும் மணிக்கணக்கில் ஓடும் கிணற்றில் இது பத்து நிமிடத்திலேயே நின்றுவிடும். மாதக்கணக்கில் மூடிக் கிடந்த கண்காணிப்புக் கிணறு பொறுமையைச் சோதிக்கும்.

ஊற்று குறைந்த கிணற்றை வேகமாக இறைத்து வறட்டிவிட்டால் வேறு சிக்கல். பக்கவாட்டில் சொட்டிச் சொட்டி வரும் நீர் வழியெல்லாம் காற்றைக் குடித்துக்கொண்டு வரும். இரும்பு, ஆவியாகும் கரைப்பான்கள் இரண்டுமே அதில் போய்விடும். இப்படிப்பட்ட கிணற்றில் நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லி என்ற மெல்லிய ஓட்டத்தில், நீர்மட்டம் பத்து சென்டிமீட்டருக்கு மேல் இறங்காமல் இழுப்பதே சரி.

தொட்டி, மென்னீராக்கி, வடிகட்டி எதையும் தாண்டிய குழாயில் பிடிக்காதீர்கள். வீட்டுக்காரர் அன்போடு காட்டும் சமையலறைக் குழாய் பெரும்பாலும் இவற்றைத் தாண்டித்தான் இருக்கும்.

ஈயம் மட்டும் இதற்கு நேர் எதிர். வீட்டுக் குழாயில் ஈயம் பெரும்பாலும் நிலத்திலிருந்து வருவதில்லை. குழாய், பற்றவைப்பு, பித்தளைப் பொருத்தி ஆகியவற்றிலிருந்து தேங்கி நிற்கும் நேரத்தில் கரைகிறது. அதனால் குறைந்தது ஆறு மணி நேரம் யாரும் குழாயைத் திறக்காமல் இருந்து, முதலில் வரும் ஒரு லிட்டரை அப்படியே பிடிக்க வேண்டும். ஓடவிட்டால் தேடியது ஓடிப்போகும். அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகரில் 2014-இல் நீர் ஆதாரத்தை ஆற்றுக்கு மாற்றியபோது அரிப்பைத் தடுக்கும் ஆர்த்தோபாஸ்பேட்டைச் சேர்க்கவில்லை, குழாய்களிலிருந்து ஈயம் இறங்கியது. அதற்குப் பிறகு, 2016-இல், அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மூன்று பழக்கங்களைக் கைவிடச் சொன்னது: தேங்கவிடுவதற்கு முன் குழாயை ஓடவிட்டுக் கழுவுவது, குழாய் முனையின் வலையைக் கழற்றுவது, குறுகிய வாய்ப் பாட்டிலில் பிடிப்பது. மூன்றுமே ஈய அளவைக் குறைத்துக் காட்டக்கூடியவை.

பிஎச்சைக் களத்திலேயே அளக்க வேண்டும்

நிலத்தடி நீரில் காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும். அழுத்தம் குறைந்ததும் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி அது வெளியேறும், பிஎச் ஏறும். கிணற்றில் 6.8 ஆக இருந்தது ஆய்வக மேசையில் 7.8 ஆகியிருக்கலாம். கூடவே கால்சியம் கார்பனேட் பாட்டில் சுவரில் வெண்படலமாகப் படியும். கால்சியமும் காரத்தன்மையும் சேர்ந்து குறையும். இந்த ஆய்வக பிஎச்சை வைத்துப் படிமானக் குறியீடு கணக்கிட்டால் ‘இந்த நீர் குழாயில் சுண்ணாம்பு கட்டும்’ என்று வரும். கிணற்றுக்குள் அதே நீர் இரும்பை அரித்துக்கொண்டிருக்கும்.

காற்றுப் படாமல் நீரை ஓடவிட்டு அளக்கும் மூடிய ஓட்டக்கலம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் குழாயின் முனையை ஒரு குறுகிய ஆழமான பாத்திரத்தின் அடிவரை விட்டு, நீர் வழிந்தோடும்படி வைத்து, புரோப்பைக் குழாய் முனைக்கு அருகில் நிறுத்துங்கள். மேலிருந்து சலசலவென்று விழும் நீரில் அளந்தால் பயனில்லை.

மீட்டரை அன்றாடம் இரண்டு பஃபர்களில் (பிஎச் முன்பே தெரிந்த கரைசல்கள்) சரிபாருங்கள், எதிர்பார்க்கும் அளவு இரண்டுக்கும் நடுவில் வர வேண்டும். மீட்டர் காட்டும் சாய்வு, அதாவது புரோப்பின் உணர்திறன், 95 சதவீதத்துக்குக் கீழே போனால் புரோப் கிழடாகிவிட்டது. அதைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டு வைப்பது பலரும் செய்யும் கொலை. 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும். கடத்துதிறன் மீட்டரைச் சரிபார்க்க 0.01 மோலார் பொட்டாசியம் குளோரைடு, அது 25 டிகிரியில் 1413 மைக்ரோசீமன்ஸ் காட்ட வேண்டும்.

கையடக்க டிடிஎஸ் (மொத்தக் கரைந்த உப்பு) மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அது கரைந்த உப்பை அளப்பதில்லை. கடத்துதிறனை அளந்து 0.5 அல்லது 0.7 என்று ஏதோ ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. 1000 மைக்ரோசீமன்ஸ் உள்ள ஒரே நீரில் ஒன்று 500 என்றும் மற்றது 700 என்றும் காட்டும், சண்டை வரும். கடத்துதிறனையே குறித்துக்கொண்டால் சண்டை இல்லை. ஆர்சனிக்கோ ஃப்ளூரைடோ நைட்ரேட்டோ இருப்பதை அந்தக் கருவி சொல்லாது என்பதையும் எத்தனை முறை சொன்னாலும் தகும்.

காரத்தன்மையையும் அங்கேயே பார்த்துவிடலாம். வடிகட்டிய நீர் 100 மில்லி, 0.02 நார்மல் கந்தக அமிலம், பிஎச் 4.5 வரும்வரை சொட்டுச் சொட்டாக அமிலத்தை விட்டுத் தரம் பார்த்தல் (டைட்ரேஷன்). ஒவ்வொரு மில்லி அமிலமும் கால்சியம் கார்பனேட்டாக லிட்டருக்கு 10 மில்லிகிராம். சாதாரண பிஎச் உள்ள நீரில் அதை 1.22 ஆல் பெருக்கினால் பைகார்பனேட்.

ஒரு கிணற்றுக்கு ஒரு பாட்டில் போதாது

உலோகத்துக்கு அமிலம் விட்ட பாலிஎத்திலீன் பாட்டில். குளோரைடு, சல்பேட், நைட்ரேட், ஃப்ளூரைடுக்கு அமிலமே தொடாத தனிப் பாட்டில். இந்த இரண்டையும் மாற்றிக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் பிரபலமான விபத்து: நைட்ரிக் அமிலம் விட்ட பாட்டிலில் நைட்ரேட்டைத் தேடினால் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். மூடியில் வண்ணப் பட்டை ஒட்டிவிட்டால் இது நடக்காது. நைட்ரேட் மாதிரியைக் குளிரில் வைத்து 48 மணி நேரத்துக்குள் அளக்க வேண்டும். போரான் தேவை என்றால் போரோசிலிகேட் கண்ணாடி கூடாது, பெயரிலேயே காரணம் இருக்கிறது. பூச்சிக்கொல்லிக்குப் பழுப்புக் கண்ணாடி.

பென்சீன் போன்ற ஆவியாகும் பொருள்களுக்கு 40 மில்லி குப்பி. விளிம்பு தாண்டிப் புடைத்து நிற்கும்வரை நிரப்பி மூடி, தலைகீழாகக் கவிழ்த்து விரலால் தட்டிப் பாருங்கள். பட்டாணி அளவுக் குமிழி ஓடினால் அந்தக் குப்பி வீண், வேறு எடுங்கள். நுண்ணுயிர்ப் பாட்டில் இதற்கு மாறானது. கிருமி நீக்கிய அந்தப் பாட்டிலில் இரண்டரை சென்டிமீட்டர் காலியிடம் விட வேண்டும். குளோரின் கலந்த நீருக்காக உள்ளே குளோரினை முறிக்கும் தயோசல்பேட் இருக்கும், அதை அலசிக் கொட்டிவிடாதீர்கள். ஐஸ் பெட்டியில் வைத்து, முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள், தவறினால் அதே நாளுக்குள் கொண்டு சேருங்கள்.

வெற்றுமாதிரியைப் பெரும்பாலோர் தவிர்க்கிறார்கள், காசு தண்டம் என்று. தூய நீரைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், அதே சிரிஞ்ச், அதே வடிகட்டி, அதே அமிலம், அதே கையுறையோடு பாட்டிலில் ஊற்றி அனுப்புவதுதான் அது. அதில் துத்தநாகம் வந்தால் கிணற்றைச் சந்தேகப்படும் முன் பவுடர் பூசிய கையுறையைப் பாருங்கள். பத்து மாதிரிக்கு ஒரு வெற்றுமாதிரி, ஒரு இரட்டை மாதிரி (அதே நீரை இரண்டாவது பாட்டிலிலும் பிடிப்பது). ஜெனரேட்டர் ஓடினால் காற்று போகும் திசையில் தள்ளி நிறுத்துங்கள், டீசல் புகையே மாதிரிக்குள் ஏறும்.

ஆறு, ஏரி

ஆற்றில் கரையோரம் எடுக்கக் கூடாது. நடு ஓட்டத்தில், நீரோட்டத்தை எதிர்த்து நின்று, மேற்பரப்புப் படலத்துக்குக் கீழே பாட்டிலைத் திறக்க வேண்டும். கழிவு வாய்க்கால் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, இரண்டு நீரும் கலக்காமல் பக்கம்பக்கமாக நெடுந்தூரம் போகும். குறுக்கே மூன்று நான்கு இடத்தில் கடத்துதிறனை அளந்தால் கலந்ததா என்று ஐந்து நிமிடத்தில் தெரியும்.

பாசி பிடித்த ஏரியில் நேரமே ஒரு மாசு மாதிரி நடந்துகொள்ளும். மதியம் மூன்று மணிக்குப் பாசி ஆக்சிஜனை உமிழ்ந்து, கார்பன் டை ஆக்சைடைத் தின்று, பிஎச்சை 9-க்கு மேல் ஏற்றியிருக்கும். விடியலுக்கு முன் அதே பாசி மூச்சுவிட்டே ஆக்சிஜனைத் தீர்த்திருக்கும். 30 டிகிரியில் காற்றிலிருந்து நீரில் கரையக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவே லிட்டருக்கு 7.5 மில்லிகிராம்தான். மதியம் 12 என்று அறிக்கை எழுதிவிட்டு, விடியலில் மீன் செத்து மிதப்பதைப் பார்த்து ‘யாரோ விஷம் வைத்தார்கள்’ என்பது நடக்கும். பிஎச் அம்மோனியாவையும் ஆட்டிவைக்கிறது. 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் மீனைக் கொல்லும் அயனியாகா வடிவம் 0.6 சதவீதம், பிஎச் 9 என்றால் 36 சதவீதம். மொத்த அம்மோனியா மாறவே இல்லாமல் நச்சு அறுபது மடங்கு.

ஆக்சிஜன் மீட்டரை நம்ப முடியாதபோது, கரைந்த ஆக்சிஜனை வேதிமுறையில் அளக்கும் வின்க்ளர் முறை கைகொடுக்கும். 300 மில்லி கண்ணாடிப் பாட்டிலைக் குமிழியில்லாமல் நிரப்புங்கள். மாங்கனீசு சல்பேட் 1 மில்லி, கார அயோடைடு-அசைடு 1 மில்லி, இரண்டையும் பிப்பெட் முனை நீருக்குள் இருக்கும்படி விட்டு மூடிக் கவிழ்த்துக் கலக்குங்கள். வீழ்படிவு பழுப்பாக வந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. பால் வெள்ளையாக நின்றால் அங்கே மேற்கொண்டு தரம் பார்க்க எதுவும் இல்லை. படிந்ததும் அடர் கந்தக அமிலம் 1 மில்லி விட்டுக் கரைத்தால் சில மணி நேரம் இருட்டில் தாங்கும். அதில் 201 மில்லி எடுத்து 0.025 நார்மல் தயோசல்பேட்டால் தரம் பார்த்தால் செலவான மில்லிதான் லிட்டருக்கு மில்லிகிராம்.

ஆழமான ஏரியில் மேலிருந்து ஒரு வாளி மொண்டால் பாதிக் கதைதான். வெப்ப அடுக்கு பிரிந்த காலத்தில் அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்து, சேற்றில் இரும்போடு கட்டுண்டிருந்த பாஸ்பரஸ் விடுபட்டு மேலே வரக் காத்திருக்கும். வெளியிலிருந்து வரும் கழிவை நிறுத்திய பிறகும் ஏரி பல ஆண்டு பச்சையாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அறிக்கை கைக்கு வந்ததும்

முதல் வேலை அயனிச் சமநிலை: நீரில் நேர் மின்னூட்ட அயனிகளின் கூட்டலும் எதிர் மின்னூட்ட அயனிகளின் கூட்டலும் சமமாக இருக்க வேண்டும். மில்லிகிராமை மில்லி ஈக்விவலண்டாக மாற்ற கால்சியத்தை 20.04, மக்னீசியத்தை 12.15, சோடியத்தை 23, பொட்டாசியத்தை 39.1, பைகார்பனேட்டை 61, குளோரைடை 35.45, சல்பேட்டை 48, நைட்ரேட்டை 62 ஆல் வகுங்கள். ஓர் அறிக்கையில் கால்சியம் 80, மக்னீசியம் 36, சோடியம் 138, பொட்டாசியம் 4 என்றால் நேர் அயனிகள் 13.05. பைகார்பனேட் 366, குளோரைடு 177, சல்பேட் 72, நைட்ரேட் 31 என்றால் எதிர் அயனிகள் 12.99. வித்தியாசத்தை மொத்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் அரை சதவீதம்கூட இல்லை, நல்ல அறிக்கை. 5 சதவீதம் வரை ஏற்கலாம். தட்டச்சில் நைட்ரேட் 310 ஆகியிருந்தால் பிழை 14 சதவீதத்தைத் தாண்டிக் கத்தும். நேர் அயனிக் கூட்டலை நூறால் பெருக்கினால் கடத்துதிறன் கிட்டத்தட்ட வந்துவிடும், இங்கே 1300 சுமார். அறிக்கையில் 1900 என்றிருந்தால் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது.

எல்லா மாதிரிக்கும் பிழை சரியாகப் பூஜ்யம் என்றால் மகிழ வேண்டாம். சோடியத்தை அளக்காமல், சமன்பாட்டில் மிஞ்சியதைச் சோடியமாக எழுதியிருப்பார்கள்.

நைட்ரேட் எந்தக் கணக்கில் என்று கேளுங்கள். நைட்ரஜனாக 11.3 என்பதும் நைட்ரேட்டாக 50 என்பதும் ஒன்றே. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் அதுவே. ‘நைட்ரேட் 20’ என்று மட்டும் எழுதிய அறிக்கை பாதுகாப்பானதா ஆபத்தானதா என்று சொல்லவே முடியாது.

அடுத்து, சேர்ந்து வாழ முடியாதவை சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். நிலத்தடியில் நுண்ணுயிர்கள் முதலில் ஆக்சிஜனைத் தீர்க்கும், பிறகு நைட்ரேட், பிறகு மாங்கனீசு, இரும்பு, சல்பேட், கடைசியில் மீத்தேன். ஒரே பாட்டிலில் நைட்ரேட் 30-ம் கரைந்த இரும்பு 5-ம் அழுகிய முட்டை நாற்றமும் இருந்தால், அந்தக் கிணறு இரண்டு வெவ்வேறு அடுக்குகளிலிருந்து நீரை இழுத்துக் குழாய்க்குள் கலக்கிறது. மேலடுக்கில் உரமோ கழிவுநீரோ, கீழடுக்கில் ஆக்சிஜன் இல்லாத பழைய நீர். எந்த அடுக்கை அடைக்க வேண்டும் என்று முடிவெடுக்க அதுவே துப்பு. கால்சியம் 200-ம் ஃப்ளூரைடு 8-ம் ஒன்றாக வந்தாலும் சந்தேகப்படுங்கள். கால்சியம் ஃப்ளூரைடு அவ்வளவு கரையாது. ஃப்ளூரைடு அதிகமான நீர் பெரும்பாலும் கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் கூடியதாகத்தான் இருக்கும்.

நாற்றம் எந்த ஆய்வக அறிக்கையிலும் சரியாக வராது. ஹைட்ரஜன் சல்ஃபைடு சில நிமிடத்தில் பறந்துவிடும், அதனால் குழாயைத் திறந்ததும் மூக்கு சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். நேரம், நீர்மட்டம், எத்தனை நிமிடம் ஓடியது, எந்தக் குழாய், பிடிக்கும்போது தெளிவா கலங்கலா, எத்தனை நிமிடத்தில் மஞ்சள் தட்டியது. பென்சிலால் எழுதினால் ஐஸ் உருகி நனைந்தாலும் அழியாது.